தூங்கும் மனிதரும் உடைந்த தட்டும்

"வேலை போச்சு, பேரு போச்சு. ஆனா மனுஷன் நல்லா தூங்குறார் சார். அதான் எனக்குப் பயமா இருக்கு."

வந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நனைந்த குடையை மடியில் வைத்தபடியே இதைச் சொன்னார். அவசரம் ஓடிப்போய்க் குடையை வாங்கி மூலையில் சாய்த்தான். போகிற வழியில் முக்காலியில் இடித்துக்கொண்டான். அவசரம் என்பது அவன் பெயர் அல்ல, அவன் அக்கா வைத்த பட்டம். குறைமாதத்தில் பிறந்தவன், அன்று பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை என்பாள். அந்த அக்காவின் கணவர்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர். காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக உடைந்ததையும் எரிந்ததையும் பார்வையிட்டு, தானாக உடைந்ததா, யாராவது உடைத்ததா என்று சொல்லியே தலை நரைத்தவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். ஊருக்கெல்லாம் அவர் சர்வேயர், அவசரத்துக்கு மட்டும் அத்தான்.

"தூக்கம் வராதவங்கதான் என்னைத் தேடி வருவாங்க. தூங்குறாரேன்னு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்றார் சர்வேயர்.

அம்மாள் சொன்னார். அவர் கணவருக்குக் கண்ணாடிகளுக்கு மெருகு போடும் வேலை. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, தொலைநோக்கிக்குள் வைக்கிற பெரிய கண்ணாடி. ஒரே கண்ணாடியை ஒரு வருஷத்துக்கு மேல் தேய்த்திருக்கிறார். எல்லாம் முடிந்து, கோட்டை விடாமல் கரை சேர்ந்தோம் என்று இருந்த நேரத்தில், அந்தக் கண்ணாடியைச் சோதிக்கிற ஏதோ ஒரு தட்டு உடைந்துபோனது. கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் தட்டு. 'நான்தான் உடைத்தேன்' என்று அவரே சொல்லிவிட்டார். கம்பெனி அவரை வெளியே அனுப்பிவிட்டது.

"அவரே ஒத்துக்கிட்டாரே. அப்புறம் உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று குறுக்கே விழுந்தான் அவசரம்.

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா தம்பி? முப்பது வருஷமா அவரோட குடும்பம் நடத்துறேன். ஒரு டம்ளர் கை தவறி உடைஞ்சாக்கூட, 'இதை யாரு இங்க வைக்கச் சொன்னா'ன்னு என்னைத்தான் திட்டுவார். தானா வந்து 'நான்தான்'னு சொன்னது அவர் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை."

சர்வேயரின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து போனது. "வீட்டுல யார் யாரும்மா?"

"நாங்க ரெண்டு பேரும் கீழே. அவருக்கு முட்டி போனதுலேர்ந்து கட்டிலைக் கூடத்துலயே போட்டுட்டோம். மாடியில மகளும் மருமகனும். அவளுக்கு மாசம் ஏறிட்டே போகுது. மருமகனுக்கும் அதே கம்பெனிதான். கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு அந்தத் தட்டை வரைஞ்சதே அவர்தான். பாவம், அவரும் இடிஞ்சுபோய் இருக்கார். 'விடுங்க அத்தை, பேசப் பேசப் பெரிசாகும்'ங்கறார்."

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். தோண்டினா நீங்க தேடினது மட்டும் வராது. கூடவே வேற ஏதாவதும் வரும்."

"வரட்டும் சார். பழியோட அவர் வீட்டுல உக்காந்திருக்கறதைவிட வேற என்ன வந்துடப் போகுது?"

மழை விட்டிருந்தது. அம்மாள் குடையை மறந்துவிட்டே போனார்.

மறுநாள் காலை அவர்கள் அந்த வீட்டுக்குப் போனபோது, ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்பிய பிறகும், கூடத்துக் கட்டிலில் மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மெருகுப் பொடியின் செம்மை நகக்கண்ணில் ஏறிய பெரிய கைகள் நெஞ்சின் மேல் கிடந்தன. மனைவி இரண்டு முறை உலுக்கிய பிறகுதான் கண் திறந்தார்.

"யாரு நீங்க? இவ கூட்டிட்டு வந்தாளா? எனக்கு வக்கீல் வேணாம், வைத்தியமும் வேணாம்."

"சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தோம். பெரிய கண்ணாடின்னு கேள்விப்பட்டேன்" என்றார் சர்வேயர்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மெருகுக்காரர் தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். திரையில் வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி, அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் கோடுகள் நின்றன.

"கடைசிச் சோதனையில திரையில விழுந்தது இது. மிரர்ல எங்கயாவது பிசகு இருந்தா கோடு வளையும். இதுல ஒரு கோடாவது வளைஞ்சிருக்கா? காட்டுங்க பாப்போம்!"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்" என்றான் அவசரம், மூக்கு திரையில் இடிக்க.

"யாருக்குத் தெரிஞ்சும் இல்ல. இந்தக் கையால இனிமே ஒண்ணும் செய்யலைன்னாலும் பரவாயில்ல. இது போதும்."

"பெத்த பொண்ணு போட்டோ இருந்த இடம் சார் அது. அதை எடுத்துட்டு இந்தக் கோட்டை வச்சிருக்கார்" என்றார் மனைவி.

தட்டு எப்படி உடைந்தது என்று சர்வேயர் கேட்டார். மெருகுக்காரரின் முகத்தில் கதவு சாத்திக்கொண்டது. "மேடையில ஏறி எடுத்தேன். ஏணியில இறங்கும்போது கை நழுவிடுச்சு. அவ்வளவுதான்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"தூசி துடைக்க."

மாடிப்படியில் காலடி கேட்டது. மகள் ஒரு கையில் தேநீர்த் தட்டும் மறு கை இடுப்பிலுமாக இறங்கினாள். "பாத்து இறங்கும்மா! யாரு உன்னை இதையெல்லாம் தூக்கச் சொன்னா?" என்று கத்திக்கொண்டே அவர் எழப் பார்த்தார். எழ முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்து, முட்டியைத் திட்டி, மறுபடி உட்கார்ந்தார். மகள் போகும்வரை அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவசரம் பொறுக்காமல் சொன்னான். "புளுகு அத்தான். பச்சைப் புளுகு."

"புளுகுதான். ஆனா சந்தோஷமாப் புளுகுறார். அது ஏன்னுதான் பாக்கணும்."

கம்பெனியை நடத்தியது ஒரு மேனேஜர் அம்மா. பேசும்போது எதிராளியின் மூன்றாவது சொல்லிலேயே பதிலை ஆரம்பித்துவிடுகிறவர். அவசரத்துக்கே மூச்சு வாங்கியது. சோதனைக் கூடத்துக்குள் போகும்முன் எல்லோர் காலிலும் வெள்ளை உறை மாட்டவைத்தார். உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம். உச்சியில் லேசர் கருவி, அதற்குச் சற்றுக் கீழே ஒரு மேடை. மேடைக்குச் செங்குத்தாக ஏறும் இரும்பு ஏணி. அடியில் கண்ணாடி கிடந்த இடம் காலியாக இருந்தது. கண்ணாடி பக்கத்திலேயே ஒரு மரப்பெட்டிக்குள், ஆணியடித்துத் தயாராக நின்றது.

"ஹாலோகிராம் தட்டுன்னு வாசல்ல சொன்னாங்களே. ஏ.டி.எம். கார்டுல மினுக்குமே, அதுவா?" என்று கேட்டான் அவசரம்.

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றார் மேனேஜர் அம்மா. "இந்த மிரரோட வளைவு கிண்ணம் மாதிரி ஒரே சீரா இருக்காது. ஓரத்துக்குப் போகப் போக மாறும். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஒளியை வச்சுத்தான் அளக்கணும். சரியான மிரரா இருந்தா ஒளி எப்படித் திரும்பி வரும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, அதை மெல்லிசு மெல்லிசா வளையங்களா ஒரு கண்ணாடித் தட்டுல பொறிச்சிடுவோம். லேசர் அந்தத் தட்டு வழியா மிரருக்குப் போய்த் திரும்பும். மிரர் சரின்னா திரையில கோடு நேரா நிக்கும். இல்லைன்னா வளையும். வளைஞ்ச இடத்துல மறுபடி மெருகு. கோடு நேராகிறவரைக்கும் இதேதான் வேலை."

"அப்ப தட்டுதான் தையல்காரன்கிட்ட கொடுக்கற அளவுச் சட்டை" என்றார் சர்வேயர்.

"சரியாச் சொன்னீங்க."

"அளவுச் சட்டை ஒழுங்கா மாட்டியிருக்கான்னு எப்படித் தெரியும்?"

இதற்கு மருமகன் பதில் சொன்னான். இவ்வளவு நேரம் ஏணியோரமாக நின்றிருந்தவன், மெலிந்த குரல்காரன், இரவெல்லாம் விழித்தவனைப் போல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். "தட்டோட ஓரத்துல தனியா சில வளையங்கள் இருக்கு சார். தட்டு சாய்ஞ்சிருந்தாலும் நகர்ந்திருந்தாலும் அது காட்டிக்கொடுத்துடும்."

"மேடையில வச்சது யாரு?"

"நான்தான் சார். நான் மட்டும்தான் தொடலாம். அது இங்க சட்டம். வந்த அன்னிக்கு வச்சது, அப்புறம் எடுக்கவே இல்ல."

"உங்க மாமனார் எடுத்ததைத் தவிர."

"ஆமா" என்றான் அவன், ஏணியைப் பார்த்து.

உடைந்த அன்று என்ன நடந்தது என்று மேனேஜர் அம்மா சொன்னார். மறுநாள் வாடிக்கையாளரின் சோதகர் வருவதாக இருந்தது. தட்டு, மேடை, கண்ணாடி எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து சரிபார்த்து, தம் கண்ணெதிரே ஒருமுறை சோதனை செய்யச் சொல்லுவார். அதற்கு முன்தினம் மதிய உணவு நேரத்தில் இந்தக் கூடத்திலிருந்து சத்தம். "டங்குன்னு கேட்டுது. என்னடான்னு எழுந்திருக்கறதுக்குள்ள இன்னொரு டங். நான் வளாகத்தோட அந்தக் கோடியில இருந்தேன், வந்து சேர நேரமாச்சு. வந்து பாத்தா மாமனாரும் மருமகனும் நிக்கறாங்க, தட்டு சில்லு சில்லா கிடக்குது. வாயைத் திறக்கறதுக்குள்ள 'நான்தான்'னுட்டார் பெரியவர்."

"சோதகர் என்ன செஞ்சார்?"

"தட்டு இல்லாம என்ன செய்வார்? புதுத் தட்டுக்குக் காத்திருக்க அவங்களுக்கு நேரமில்ல. நாங்க எடுத்து வச்சிருந்த பழைய படங்களைப் பாத்து ஒத்துக்கிட்டார். நாளைக்கு வண்டி வருது, மிரர் கிளம்புது."

சில்லுகளை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவசரம் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினான். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், விரல் கனத்தில், ஒரு சதுரம் உருவானது. நடுப்பகுதி மட்டும் வெறும் பொடி. அங்கிருந்து விரிசல்கள் நாலாபுறமும் ஓடின. நான்கு முனைகளும் சிராய்ப்பில்லாமல் கூராக இருந்தன. வெளிச்சத்தில் திருப்பியபோது வளையங்கள் வானவில்லாக மினுங்கின.

சர்வேயர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு சில்லின் மேல் நுனியைத் தொட்டார். பேனா நுனியும் அதன் பிம்பமும் முத்தமிட்டன. சில்லைப் புரட்டி மறுபக்கம் தொட்டார். இப்போது நுனிக்கும் பிம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அந்தப் பக்கத்தின் விளிம்போரம் மணலில் தேய்த்ததுபோல் மங்கலாக ஒரு புள்ளி இருந்தது. வேறு இரண்டு விளிம்புச் சில்லுகளையும் எடுத்தார். அவற்றிலும் அதே பக்கத்தில் அதே புள்ளி.

"தட்டு எதும்மேல உக்காரும்?"

"கோலிக்குண்டு மாதிரி மூணு எஃகு மணி மேல" என்றார் மேனேஜர் அம்மா.

"எந்த முகம் கீழே?"

"வளையம் பொறிச்ச முகம். மிரரைப் பாத்து. அப்படித்தான் கணக்கு."

"சரி" என்று பேனாவை மூடினார் சர்வேயர். "நாளைக்குக் காலையில எல்லாரையும் இங்க வரச் சொல்ல முடியுமா? வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி."

தெருமுனைக் கடையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவசரத்தின் வாய் ஆறவில்லை. "மேனேஜர் அம்மாதான் அத்தான்! சோதனை வேணாம், இன்ஷூரன்ஸ் வரும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"அந்த அம்மா கோடியில இருந்தாங்க."

"அவங்க சொன்னது! சரி, அப்ப போட்டிக் கம்பெனி." அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்ல?"

"யாருன்னு தெரிஞ்சிடுச்சு. நான் யோசிக்கறது அது இல்ல மச்சான். சொல்லணுமா வேணாமான்னு யோசிக்கறேன்."

அவசரத்துக்கு அது விளங்கவே இல்லை. கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருப்பதாவது! சொல்வதற்குத்தானே கண்டுபிடிக்கிறோம் என்று அப்போது நினைத்தான்.

மறுநாள் காலை சோதனைக் கூடத்தில் எல்லோரும் நின்றார்கள். மெருகுக்காரருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி. மகள் வரவில்லை. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஐயா, ஒரே ஒரு வேலை. அந்த ஏணியில ஏறி, தட்டை எப்படி எடுத்தீங்கன்னு காட்டுங்க" என்றார் சர்வேயர்.

மெருகுக்காரர் ஏணியைப் பார்த்தார். ஒரு கையை நாற்காலியில் ஊன்றினார். மறுபடி ஏணியைப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு மாடி ஏற முடியாம கூடத்துல படுத்திருக்கீங்க. இது வெறும் கம்பி. அதுல ஏறி, ரெண்டு கையிலயும் தட்டைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினீங்களா?"

"அன்னிக்கு வலி இல்ல."

"ஐயோ, போதும் விடுங்களேன்" என்று மனைவி அவர் தோளைப் பிடித்தார். "யாருக்காக இப்படி?"

மருமகன் முன்னால் வந்தான். முகம் வெளிறியிருந்தது. "நான்தான் சார். சோதகர் வரதுக்கு முன்னாடி துடைக்கலாம்னு எடுத்தேன். கை தவறிடுச்சு. சத்தம் கேட்டு முதல்ல மாமாதான் வந்தார். 'நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்'னார். நானும் பேசாம இருந்துட்டேன்."

"அவ்வளவுதானே!" மெருகுக்காரர் குரலை உயர்த்தினார். "கை தவறினது ஒரு குத்தமா? நான் இன்னைக்கோ நாளைக்கோ ஓய்வு வாங்கப் போறவன். மாப்பிள்ளை இப்பத்தான் தலையெடுக்கறார். புள்ளை பொறக்கப் போற நேரத்துல வேலை போச்சுன்னா என் பொண்ணு என்ன ஆவா? எனக்கு என்ன குறை? மிரரை முடிச்சுட்டேன். அது போதும்னு இருந்தேன். நீங்க வந்து கெடுத்தீங்க."

அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மேனேஜர் அம்மாவின் தோள்கள்கூடத் தளர்ந்தன. அவசரத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதுதான் முடிவு, நல்ல முடிவு, அத்தானைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடலாம் என்றிருந்தது. சர்வேயர் நகரவில்லை.

"இதோட நிறுத்திக்கலாம்னுதான் எனக்கும் ஆசை. முடியல. நழுவி விழற கண்ணாடி முனையிலயோ விளிம்புலயோதான் அடி வாங்கும். இந்தத் தட்டுக்கு நாலு முனையும் முழுசா இருக்கு. நடுவுலதான் பொடி. விழற பொருள் ஒரு தடவை சத்தம் போடும். இது ரெண்டு தடவை போட்டுது. தட்டைத் தரையில படுக்க வச்சு, நடுவுல ரெண்டு போடு போட்டிருக்காங்க."

"ஸ்பானர்" என்றார் மேனேஜர் அம்மா, ஏணியில் தொங்கிய இரும்பைப் பார்த்து.

"ஏன் உடைக்கணும்? மறுநாள் வரப்போற சோதகர் எதையோ பாத்துடக் கூடாது. அது என்னன்னு தட்டே சொல்லிடுச்சு. கண்ணாடியில வளையம் பொறிச்ச முகம் எதுன்னு தெரியணும்னா பேனா நுனியை வச்சாப் போதும். பொறிச்ச பக்கம்னா பிம்பம் நுனியைத் தொடும். மறுபக்கம்னா நடுவுல கண்ணாடி கனம் நிக்கும், பிம்பம் விலகும். இந்தத் தட்டு மாசக்கணக்கா மூணு எஃகு மணி மேல உக்காந்திருந்தது. மணி தேய்ச்ச தடம் மூணும் இருக்கறது எந்தப் பக்கம் தெரியுமா? பொறிக்காத பக்கம்."

மேனேஜர் அம்மா சில்லை எடுத்து, தம் பேனாவை வைத்துப் பார்த்தார். புரட்டி வைத்தார். அவர் பேசாமல் இருந்து அவசரம் பார்த்தது அப்போதுதான்.

"ஓரத்து வளையம் தட்டு சாய்ஞ்சதைச் சொல்லும், நகர்ந்ததைச் சொல்லும். புரண்டு கிடந்தா சொல்லாது. முதல் நாள்லேர்ந்து தட்டு தலைகீழாத்தான் இருந்திருக்கு."

மெருகுக்காரருக்கு அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்தார். இந்த முறை முட்டியைத் திட்டவில்லை.

"மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "மிரர் சரியாத்தானே இருக்கு?"

மருமகன் சர்வேயரைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன். அவர் ஏதோ சொல்றார். நீங்க சொல்லுங்க. சரியாத்தானே இருக்கு?"

"பெட்டியில வளையம் மேலே பாத்த மாதிரி வச்சு அனுப்பியிருந்தாங்க மாமா, கீறல் படாம இருக்க. வந்தபடியே திருப்பாம எடுத்து மேடையில வச்சுட்டேன். சோதகருக்காகக் கழட்டினப்பத்தான் பாத்தேன்." அவன் அழத் தொடங்கியிருந்தான். "திருப்பி வச்சா கோடெல்லாம் வளையும், மிரரைத் தப்பு அளவுக்குத் தேய்ச்சது தெரிஞ்சிடும். அப்படியே விட்டா அவர் கண்டுபிடிச்சிடுவார். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

"எவ்வளவு தப்பு?"

"ஓரத்துல, தலைமுடி கனத்துல நூத்துல ஒரு பங்கு இருக்கும்."

"அவ்வளவுதானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான் அவசரம். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் அந்தக் கேள்விக்காக அவன் வெட்கப்பட்டான்.

மெருகுக்காரர் மரப்பெட்டியருகே போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். "அதுல பத்துல ஒரு பங்கைச் சரி பண்ண மாசக்கணக்கா உக்காந்தேன் மாப்பிள்ளை. நீங்க பக்கத்துல நின்னு, 'இன்னும் கொஞ்சம் மாமா, இன்னும் கொஞ்சம்'னு திரையைப் பாத்துச் சொன்னீங்க. தப்பான மிரரை அவ்வளவு சரியாப் பண்ணியிருக்கேன்."

"மறுபடி மெருகு போட்டாச் சரியாகாதா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"எடுத்த கண்ணாடியை ஒட்டவா முடியும்? மொத்தத்தையும் இன்னும் தேய்ச்சுக் கீழே இறக்கணும். முதல்லேர்ந்து."

"அம்மா," என்றார் சர்வேயர், அவர் பக்கம் திரும்பி. "இது இப்படியே போயிருந்தா, தொலைநோக்கியில மாட்டினதும் படம் மங்கும். தப்பு எங்கன்னு தேடுவாங்க. தட்டு இல்ல. தேய்ச்சது யாரு, இவர். தட்டை உடைச்சது யாரு, இவரே ஒத்துக்கிட்டார். தேய்ச்சதும் தப்பு, அதை மறைக்க அளவுத்தட்டையும் உடைச்சான்னு ஆகியிருக்கும். அதனாலதான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அதைக் கேட்டதும் மெருகுக்காரர் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியாதா, மாப்பிள்ளை?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரிந்திருந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மாள் சர்வேயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. "அவர் உடைக்கலைன்னு மட்டும் சொல்லச் சொன்னேன் சார். கண்ணாடியைப் பத்தி உங்களை யாரு கேட்டா?" என்றார். கேட்டுவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

மேனேஜர் அம்மா வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

குடை அலுவலக மூலையில் கிடந்தது. அக்கா தினமும் அதில் தடுக்கி, 'யாருடையதோ அவர்களிடம் கொண்டுபோய்க் கொடு' என்று தம்பியைத் திட்டினாள். எதற்கும் பறக்கிறவன் இதற்கு மட்டும் நாளைக் கடத்தினான். கடைசியில் ஒருநாள் மத்தியானம் எடுத்துக்கொண்டு போனான்.

மாடி ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவைத் திறந்த அம்மாள் குடையை வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"மகள் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான் அவசரம், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"பேத்தி பொறந்திருக்காம். அடுத்த வீட்டம்மா சொன்னாங்க. 'என் புருஷன் வேலைக்கு உலை வச்சவங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு போனவதான். அவளைச் சொல்லி என்ன? ஆள் வச்சுத் தேடினது நான்தானே."

"கம்பெனியில ஐயாவைக் கூப்பிட்டாங்களாமே?"

"கூப்பிட்டாங்க. மேனேஜரம்மாவே வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். இவர் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

கூடத்துக் கட்டிலில் மெருகுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து குழிவிழுந்திருந்தன. அவனை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்துக் கூப்பிட்டார். கைப்பேசியை நீட்டினார். திரையில் அதே கோடுகள்.

"தம்பி, நீங்க அன்னிக்கே பாத்தீங்க. இதுல ஒரு கோடாவது வளைஞ்சிருக்கா?"

அவசரம் குனிந்து நன்றாகப் பார்த்தான். "இல்ல சார். எல்லாம் நேராத்தான் இருக்கு."

"அதான் சொல்றேன். நேராத்தான் இருக்கு." அவர் கைப்பேசியை வாங்கி மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.

அம்மாள் வாசல்வரை வந்தார். குடையை ஆணியில் மாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இப்பல்லாம் தூங்கறதே இல்ல தம்பி."